11ஆம் அத்தியாயத்தில் நாவல் நின்றுவிட்டது, எப்படித் தாண்டுவது?

பாதிநாவல் (கேள்வி)

வணக்கம். முதல் நாவல். திட்டம் 70,000 சொல், 38,000 முடிந்திருக்கிறது. 11ஆம் அத்தியாயத்தில் மூன்று வாரமாக ஒரே பத்தி. அதையே பதினைந்து தடவைக்கு மேல் மாற்றி எழுதியாயிற்று, இரண்டாவது பத்தி பிறக்கவில்லை. தினம் 1,000 சொல் என்பது இலக்கு. முன்பு வந்தது, இப்போது பூஜ்யம்.

கதை இதுதான். வீட்டை விற்று அண்ணனின் கடனை அடைக்கச் சொல்லி அப்பா கடைசியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தங்கை அதை ஒளித்து வைத்திருக்கிறாள். 10ஆம் அத்தியாயத்தில் கடிதம் அண்ணன் கையில் கிடைக்கிறது. பெரிய சண்டை, கடைசியில் இருவரும் அழுது சமாதானம் ஆகிறார்கள். 11இல் வீட்டை விற்கும் வேலை தொடங்க வேண்டும்.

மனம் வரும்வரை சும்மா விட்டுவிடலாமா? டைமர் வைத்து நிறுத்தாமல் எழுதும் பயிற்சி நாவலுக்கு உதவுமா, இல்லை அது வெறும் கைப்பயிற்சிதானா? செய்முறையோடு யாராவது சொன்னால் நல்லது.

---

மெய்ப்புப்பேனா

விடுவதா வேண்டாமா என்பதற்கு முன் எது நின்றிருக்கிறது என்று பாருங்கள். கை நின்றிருக்கிறதா, கதை நின்றிருக்கிறதா? 'எழுத்துத் தடை' என்று ஒரே பெயரில் சொல்கிறோம், உள்ளே நாலைந்து வேறு வேறு கோளாறுகள். 1940களில் இந்தப் பெயரை வைத்த எட்மண்ட் பெர்க்லர் ஓர் உளப்பகுப்பாய்வாளர். எல்லாவற்றையும் அடிமனச் சிக்கலாகவே பார்த்தார். விளக்கத்தை இன்று அதிகம் பேர் ஏற்பதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரால் ஒரு கெடுதல்: கதையில் இருக்கும் ஓட்டையை எழுதுகிறவர் தன் தலைக்குள் தேடத் தொடங்கிவிடுகிறார்.

சோதனை சுலபம். நாவலோடு சம்பந்தமே இல்லாத ஒரு காட்சியை 10 நிமிடம் எழுதுங்கள். மின்தூக்கி பாதியில் நின்றுவிட்டது, உள்ளே முன்பின் தெரியாத இருவர், ஒருவருக்கு அவசரம். இந்த அளவு போதும். 100, 150 சொல் தடுமாறாமல் வந்துவிட்டால் கையில் கோளாறு இல்லை, இந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. அதுவும் வரவில்லை என்றால் களைப்பு, பயம், தூக்கமின்மை என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

உங்கள் கேள்வியைப் படித்தவரை சந்தேகம் கதை மேல்தான். 10ஆம் அத்தியாயத்தில் மூன்று முடிச்சுகளை ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டீர்கள். ரகசியம் வெளியே வந்துவிட்டது, கோபம் கொட்டித் தீர்ந்துவிட்டது, உறவும் சரியாகிவிட்டது. இனி வீட்டை விற்பது வெறும் அலுவலக வேலை. இருவரும் சம்மதம், யாருக்கும் எதிர்ப்பில்லை, வாசகருக்குத் தெரிந்துகொள்ள எதுவும் பாக்கியில்லை. முதல் பத்தியை ஐம்பது தடவை மாற்றினாலும் அது நகராது, ஏனென்றால் அதில் நடக்க எதுவும் இல்லை. தடை பெரும்பாலும் நின்ற இடத்தில் இருக்காது, சில பக்கம் பின்னால் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வேலை செய்யுங்கள். எழுதிய 10 அத்தியாயத்தையும் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே வரி எழுதுங்கள். யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. அழகாக எழுத வேண்டாம். ஒரே உட்காரலில் முடிக்கப் பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் நீங்கள் சுருக்கம் எழுதவில்லை, மறுபடி நாவலை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பிறகு அந்த வரிகளை வாய்விட்டுப் படித்து, ஒன்றை அடுத்ததோடு எந்தச் சொல் கோக்கிறது என்று கவனியுங்கள். 'அதனால்', 'ஆனால்', 'இருந்தும்' என்று வந்தால் கதை இழுக்கிறது. 'அப்புறம், அப்புறம்' என்றே வந்தால் அங்கே கயிறு தொய்ந்திருக்கிறது. 'என்ன மாறியது' என்ற கட்டம் காலியாக இருக்கும் காட்சிகளுக்குச் சிவப்பில் ஒரு புள்ளி. அடுத்தடுத்து இரண்டு புள்ளி விழுந்த இடத்தில் உங்கள் தடை தொடங்கியிருக்கும்.

எதையும் அழிக்காதீர்கள். வெட்ட வேண்டியதை 'வெட்டியவை' என்று தனி ஃபைலில் ஒட்டுங்கள். திரும்ப எடுக்கலாம் என்று தெரிந்தால்தான் கை துணிந்து வெட்டும்.

---

கைநில்லாதவன்

நிறுத்தாமல் எழுதும் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். உதவும், ஆனால் பலர் செய்கிற விதத்தில் உதவாது.

அடிப்படை விதி, எழுத்து கற்பித்த அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இல் எழுதியதிலிருந்து அப்படியே இருக்கிறது: சுமார் 10 நிமிடம், கை நிற்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. எதுவும் தோன்றாவிட்டால் 'எதுவும் தோன்றவில்லை' என்றே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். கெட்டுப்போவது எங்கே என்றால், தலைப்பு இல்லாமல் உட்கார்ந்தால் மூன்றாவது நாளில் அது புலம்பல் நோட்டாகிவிடும். 'இன்றும் எழுத வரவில்லை, நேற்றும் வரவில்லை.' அதில் நாவலுக்கு ஒரு வரிகூடத் தேறாது.

அதனால் முதல் வரியைக் கட்டிப்போட்டுத் தொடங்குங்கள். நாவலில் சிக்கியவருக்கு மூன்று தொடக்கங்கள் நன்றாக வேலை செய்யும்.

'இந்தக் காட்சியில் எனக்கே இன்னும் தெரியாதது என்னவென்றால்...'

'தங்கை யாரிடமும் சொல்லாதது என்னவென்றால்...' (அவள் குரலில், நான் என்று எழுத வேண்டும்)

'இந்த அத்தியாயத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, காரணம்...'

கடைசியை லேசாக நினைக்காதீர்கள். எழுத அலுப்பாக இருக்கும் காட்சி படிக்கவும் அலுப்பாகத்தான் இருக்கும். காரணம் எழுத்தில் வந்துவிட்டால், பாதி நேரம் அந்தக் காட்சியே தேவையில்லை என்று தெரிந்துவிடும். 'மூன்று மாதம் கழித்து வீடு காலியாக இருந்தது' என்று தாண்டிப் போய்விடலாம்.

10 நிமிடம் முடிந்ததும் 5 நிமிட இடைவெளி, பிறகு ஒரு தடவை படித்து அதிகபட்சம் மூன்று வரிக்கு அடிக்கோடு. மற்றதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அடிக்கோடிட்ட ஒரு வரியை அடுத்த 10 நிமிடத்துக்கு முதல் வரியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள், நான்காவதில் வருவது பெரும்பாலும் முன்பு எழுதியதன் எதிரொலி.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய தொல்லை. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ஒவ்வொரு சொல்லுக்கும் நாலு பரிந்துரை எட்டிப் பார்க்கும். ல, ள, ழ எது என்று தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நொடியில் வாக்கியத்தின் மறுபாதி தலையிலிருந்து இறங்கிப் போய்விடும். அதோடு ஒற்று: 'வீட்டைப் பார்த்தான்' என்பதில் 'ப்' போடலாமா என்று நின்றால், அண்ணன் வீட்டைப் பார்த்து என்ன நினைத்தான் என்பது போயே போய்விடும். முதல் வரைவில் ஒற்று, சந்தி, ன ண எதற்கும் நிற்காதீர்கள். பிழைதிருத்தியையும் தானியங்கிப் பரிந்துரையையும் அணைத்துவிடுங்கள். தமிழ் எழுத்துகளையே நேரடியாக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பழகாதவர்கள் தடை விழுந்த நாட்களில் மட்டுமாவது தாளில் எழுதிப் பாருங்கள்.

பேச்சுத்தமிழ் இன்னொரு வழி. எழுத்து நடைக்கு மாறும்போதுதான் பலருக்குக் கை இறுகும். காட்சியை ஃபோனில் பேசிப் பதிவு செய்யுங்கள், 'அவன் வந்து நிக்கிறான், இவ கதவத் தொறக்கல' என்கிற அதே பாஷையில், 5 நிமிடம். குரலை எழுத்தாக்கும் வசதியை நேரடியாக நம்ப வேண்டாம். பேச்சு வழக்கை அது கண்டபடி மாற்றும், திருத்துவதற்குள் பொறுமை போய்விடும். கேட்டுக்கேட்டு நீங்களே எழுதுங்கள். எழுதும்போதே நடை தானாக மாறிக்கொள்ளும்.

---

அளவுகோல்

மேலே சொன்ன இரண்டும் சரி. யாரும் தொடாத ஒன்று அந்த 1,000 சொல்.

ஓடுகிற காலத்தில் 1,000 நல்ல இலக்கு. நின்றுபோன காலத்தில் அதுவே பாரம். முதல் நாள் பூஜ்யம் என்றால் 1,000 பாக்கி. ஒரு வாரத்தில் 7,000. மூன்று வாரம் என்றால் நீங்கள் 21,000 சொல் கடனோடு மேசைக்கு வருகிறீர்கள். எந்தக் கை நகரும்? முந்தைய பாக்கியை முழுசாகத் தள்ளுபடி செய்யுங்கள். நாளை முதல் குறைந்தபட்சம் 150 சொல் அல்லது 20 நிமிடம், எது முதலில் வருகிறதோ அது. அதிகபட்சமும் வையுங்கள், முதல் வாரம் 400க்கு மேல் எழுதக் கூடாது. அபத்தமாகத் தோன்றும். ஆனால் ஒரு நல்ல நாளில் 2,500 அடித்துத் தள்ளிவிட்டு அடுத்த நான்கு நாள் வற்றிக் கிடப்பதுதான் வழக்கமான விபத்து, உச்ச வரம்பு அதைத் தடுக்கும். இரண்டாம் வாரம் 250 முதல் 600. அதற்கு மேல் உங்கள் விருப்பம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பு கிடையாது. அதே 150தான்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் மேசையில் கடிகாரத்தை வைத்து 15 நிமிடத்துக்கு 250 சொல் என்று எழுதினார் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பார்க்க வேண்டியது அவர் எழுத உட்கார்ந்த நேரத்துக்கு ஓர் எல்லை இருந்தது என்பதை: காலையில் மூன்று மணி நேரம், பிறகு அஞ்சல் துறை வேலை.

நிறுத்தும் இடமும் முக்கியம். அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். மறுநாள் வெள்ளைத் தாளோடு தொடங்க வேண்டிவரும். உங்கள் 11 அப்படித்தான் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள், ஹெமிங்வே சொன்ன வழி இது. முடிந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே. 'அவள் சாவியை எடுத்து' என்று விட்டுவிட்டு, அதற்குக் கீழே அடுத்து வர வேண்டிய இரண்டு செய்கைகளைக் குறிப்பாக எழுதிவிட்டு எழுந்திருங்கள். குறிப்பு இல்லாமல் வாக்கியத்தை மட்டும் அறுத்துவிட்டுப் போனால், மறுநாள் சாவியை எடுத்து என்ன செய்தாள் என்று உங்களுக்கே நினைவிருக்காது.

கடைசியாக, உங்கள் முதல் பத்தி. அது 'சரியாக' வந்தால்தான் இரண்டாவது என்று ஒரு விதி வைத்திருக்கிறீர்கள், இல்லையா? 1980இல் மைக் ரோஸ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பத்துக் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தடையில் சிக்கிய ஐந்து பேரிடமும் இந்த மாதிரி இறுக்கமான விதிகளோ வளையாத திட்டங்களோ இருந்தன: தொடக்கம் சரியாக அமைந்தால்தான் மேலே போகலாம் என்பது போல. சிக்காத ஐந்து பேருக்கும் விதிகள் உண்டு, ஆனால் வேலைக்கு ஆகாதபோது அவற்றைத் தூக்கிப் போட்டார்கள். பத்துப் பேரை வைத்து எதையும் அறுதியிட முடியாதுதான். ஆனாலும் உங்கள் பதினைந்து தடவை என்பதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. 11இன் முதல் பத்தியை வெட்டியவை ஃபைலுக்கு அனுப்பிவிட்டு இரண்டாவது காட்சியிலிருந்து தொடங்குங்கள். தொடக்கப் பத்தி அத்தியாயம் முடிந்த பிறகு பத்து நிமிட வேலை.

---

பாதிநாவல்

எல்லோருக்கும் நன்றி. மின்தூக்கிக் காட்சி 10 நிமிடத்தில் 190 சொல் வந்தது. ஆக, கோளாறு கதையில்தான். காட்சிப் பட்டியலும் போட்டேன், மொத்தம் 26. சிவப்புப் புள்ளி 8ஆம் அத்தியாயத்தில் ஒன்று, 9இல் இரண்டு. மூன்றிலும் இருவரும் உட்கார்ந்து பழசைப் பேசுகிறார்கள். 10இன் சமாதானமும் தப்பு என்று இப்போது தெரிகிறது.

8 முதல் 10 வரை கிட்டத்தட்ட 11,000 சொல். அதை மாற்றி எழுதிவிட்டு 11க்கு வருவதா, அப்படியே போவதா?

---

மெய்ப்புப்பேனா

திரும்பிப் போகாதீர்கள். 11,000 சொல்லை மாற்றி எழுதினால் அதன் தாக்கம் 5இல் தெரியும், 5ஐத் தொட்டால் 2இல் தெரியும். முதல் பத்து அத்தியாயம் பளபளவென்று இருந்து பதினொன்று பிறக்காமலே போன நாவல்கள்தான் மேசை இழுப்பறைகளில் அதிகம்.

மாற்றிவிட்டதாகவே வைத்துக்கொண்டு முன்னால் போங்கள். 'மாற்றப் பட்டியல்' என்று ஒரு பக்கம் திறந்து மாற்றத்தை மட்டும் குறியுங்கள். உதாரணத்துக்கு இப்படி: 'அத். 10: அண்ணன் கடிதத்தைப் படிக்கிறான், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறான். சண்டை இல்லை. அவனுக்குத் தெரியும் என்பது தங்கைக்குத் தெரியாது.' இது ஒரு யோசனைதான், உங்கள் கதை, நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம். ஆனால் இப்படி வைத்தால் 11 எப்படி மாறுகிறது பாருங்கள். ஒரு நாள் காலையில் வீட்டை அளக்க ஓர் ஆள் வந்து நிற்கிறான். யார் அனுப்பியது என்று தங்கை கேட்கிறாள். அண்ணன் பதில் சொல்லாமல் டேப்பின் மறுமுனையை அவள் கையில் கொடுக்கிறான். பழைய 11இல் வீட்டை விற்பது வெறும் வேலை, இங்கே அதே வேலைதான் சண்டை. நீங்கள் எழுதி முடித்த அழுகைக் காட்சி வீணில்லை, அது 18க்கோ 19க்கோ போகும்.

8, 9இல் இருக்கும் மூன்று புள்ளிகளையும் இப்போது தொட வேண்டாம். பட்டியலில் 'மூன்றையும் ஒரே காட்சியாக்கு, 800 சொல்லுக்குள்' என்று ஒரு வரி போதும்.

இதற்கு விலக்கு இரண்டு. முதலாவது, யாருக்கு எப்போது எது தெரியும் என்பதை நீங்கள் மாற்றுகிறீர்கள். அதில் தெளிவு இல்லாவிட்டால் 15ஆம் அத்தியாயத்தில் மறுபடி இதே சுவரில் முட்டுவீர்கள். அதனால் புதிய 10ஐ முழுசாக எழுதாமல், ஒரு பக்கச் சுருக்கமாக நிகழ்காலத்தில் எழுதிவிட்டு 11க்குப் போங்கள். இரண்டாவது, கதைசொல்லியையே மாற்றத் தோன்றினால், அதாவது 'அவள்' என்பதை 'நான்' ஆக்க நினைத்தால், பட்டியலில் குறித்துவிட்டுப் போக முடியாது. நடந்து முடிந்த ஏதாவது இரண்டு காட்சியை எடுத்து ஒவ்வொன்றிலும் 300 சொல் புதிய குரலில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் பழையதில் இல்லாத தகவல் ஒன்றாவது புதிதாக வந்தால் மாற்றலாம். வினைமுற்று மட்டும் மாறியிருந்தால் அது அலுப்பு, விட்டுவிடுங்கள்.

---

வரைவுஇரண்டு

இழையில் புகுந்து ஒரு சந்தேகம். நான் எழுதுவது கட்டுரை. காட்சிப் பட்டியல் எல்லாம் இதற்குப் பொருந்துமா?

---

அளவுகோல்

பொருந்தாது, கட்டுரை நிற்பதற்குக் காரணம் வேறு. ஒன்று சரக்குப் போதவில்லை, அல்லது ஒரே கட்டுரைக்குள் இரண்டு கட்டுரை அடைபட்டிருக்கிறது.

சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள், 25 சொல்லுக்குள். வாக்கியமே அமையாவிட்டால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது, எழுதும் மேசையில் உட்கார்ந்து பயனில்லை. 'மேலும்', 'அதுமட்டுமன்றி' போட்டுத்தான் முடிகிறது என்றால் இரண்டு கட்டுரை இருக்கிறது, ஒன்றை எடுத்து வெளியே வையுங்கள். வாக்கியம் ஒழுங்காக அமைந்தும் கை நகரவில்லை என்றால் அறிமுகப் பத்தியை விட்டுவிட்டு, கையில் ஆதாரம் வலுவாக இருக்கும் பத்தியை முதலில் எழுதுங்கள். கட்டுரைக்கு அறிமுகம் கடைசியில்தான் ஒழுங்காக வரும்.

---

நிதானம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பாதிநாவலுக்கு இது தேவைப்படாது என்று சோதனையே சொல்லிவிட்டது, ஆனால் இதே இழையைத் தேடி வரும் வேறொருவருக்குத் தேவைப்படலாம். எழுத்து மட்டுமல்ல, முன்பு பிடித்த எதிலுமே நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிப்போயிருக்கின்றன, இது இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடிக்கிறது என்றால் டைமரும் 150 சொல்லும் அதற்கு மருந்தல்ல. மருத்துவரைப் பாருங்கள்.

---

பாதிநாவல்

11ஐ அளக்க வருகிற ஆளிலிருந்து தொடங்கிப் பார்க்கிறேன். ஒரே ஒரு சின்னக் கேள்வி. எழுதும்போது தெரியாத தகவல் குறுக்கே வந்தால் (பத்திரப் பதிவு நடைமுறை, ஒரு மரத்தின் பெயர் மாதிரி) உடனே தேடாமல் எப்படிக் கடப்பது? ஐந்து நிமிடம் தேடலாம் என்று உலாவியைத் திறந்தால் ஒரு மணி நேரம் போகிறது.

---

கைநில்லாதவன்

இரட்டை அடைப்புக்குறி போட்டுத் தாண்டுங்கள். 'கொல்லையில் [[மரம்: உயரம், முள் உண்டு]] நிழலில் அவன் நின்றான்.' பெயர் தெரியாவிட்டாலும் கதைக்கு அந்த மரத்திடமிருந்து என்ன வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், அதை உள்ளே எழுதுங்கள். வெறும் [[ ]] என்று விட்டால் இரண்டு வாரம் கழித்து எதற்கு விட்டோம் என்று புரியாது. இந்தக் குறி கதையில் வேறெங்கும் வராது என்பதால் [[ என்று தேடினாலே எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்.

நிரப்புவதை எழுதும் நேரத்தில் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை, 45 நிமிடம், இதற்கு மட்டும். ஒரு பக்கத்தில் ஆறேழு அடைப்புக்குறி விழுந்தால் மட்டும் நிறுத்துங்கள், அந்தக் காட்சிக்கு உண்மையிலேயே தகவல் தேவை. பத்திரப் பதிவு அப்படித்தான் ஆகும் என்று தோன்றுகிறது. அந்தக் காட்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு வெளியே வந்த பிறகு இருவரும் என்ன பேசாமல் நடந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுங்கள்.